முதலில் எந்த ஆறு?

(பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எல்லையோரக் கிராமம் ஒன்றின் நூலகத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பேச்சைத் தொடங்குமுன் இந்தக் கயிற்றை ஒருமுறை கைமாற்றிப் பாருங்கள். இது கிணற்றுக் கயிறு. நெய்யாற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஒரு வீட்டில் போன மாதம் வரை கிடந்தது. புதுக் கயிறு வாங்கிக் கொடுத்துவிட்டு இதை நான் கேட்டு வாங்கி வந்தேன். மேல்பகுதி தேங்காய்நார்க் கயிறு. அதன் கீழே ஒரு பச்சை நைலான் துண்டு, பிறகு நீலம், பிறகு பழைய மீன்வலையின் ஓரக்கயிறு. மொத்தம் ஏழு முடிச்சு. அந்த வீட்டு அம்மைக்கு எழுபது வயது தாண்டியாயிற்று. "மக்கா, ஒவ்வொரு முடிச்சும் ஒவ்வொரு வேனலுக்குப் போட்டது. வாளி தண்ணியிலே முட்டல்லேன்னா ஒரு துண்டு கெட்டுவேன்" என்றார். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளில் கயிற்றில் முடிச்சே கிடையாதாம்.

முதல் முடிச்சைத் தடவிப் பாருங்கள். கைபட்டுக் கைபட்டு வழவழவென்று தேய்ந்திருக்கிறது. கடைசி முடிச்சு இன்னும் உள்ளங்கையைக் குத்தும். முடிச்சு கப்பியில் சிக்குகிறது என்று கப்பியையே கழற்றி வைத்துவிட்டார். வெறும் கையால்தான் இழுக்கிறார், அந்த வயதில்.

இன்றைக்கு எனக்குத் தந்திருக்கிற தலைப்பு, மனிதன் மாற்றிக் கெடுத்த ஆறுகளில் எதை முதலில் சீராக்குவது என்பது. கேரளத்தில் 44 ஆறுகள். 41 மேற்கே ஓடிக் கடலில் சேர்கின்றன, கபனி, பவானி, பாம்பாறு என்ற மூன்று கிழக்கே போகின்றன. கைபடாத ஆறு என்று இவற்றில் ஒன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எடுத்து நிறுத்த எந்த சர்க்காரிடமும் பணம் கிடையாது. அப்படியானால் வரிசை வேண்டும். வரிசை போட ஓர் அளவுகோல் வேண்டும். நம்மிடம் இருக்கிற அளவுகோல் குறைபட்டது என்பதே இன்றைக்கு நான் சொல்ல வந்தது.

2018இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், நாடு முழுவதும் 323 ஆறுகளில் 351 பகுதிகளை மாசுபட்டவை என்று பட்டியலிட்டது. கேரளத்துக்கு அதில் 21. நீரில் உள்ள அழுக்கைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்களுக்கு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் ஆக்சிஜன் தேவைப்படுகிறது என்பதே அளவுகோல். 30க்கு மேல் போனால் முதல் வகுப்பு. 3க்கும் 6க்கும் இடைப்பட்டால் ஐந்தாம் வகுப்பு. கேரளத்தில் முதல் வகுப்பில் வந்தது ஒன்றே ஒன்று, திருவனந்தபுரம் நகரத்தின் சாக்கடையைச் சுமக்கிற கரமனை ஆறு. அந்தப் பட்டியலால் நன்மை விளைந்தது, மறுக்கவில்லை. அதே ஆண்டு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் மாநிலங்களை அழைத்து ஒவ்வொரு பகுதிக்கும் செயல்திட்டம் கேட்டது.

ஆனால் அந்த அளவுகோலை இந்த அம்மையின் கிணற்றுக்குள் இறக்கினால் என்ன சொல்லும்? நல்ல தண்ணீர் என்று சொல்லும். ஆற்றில் இறக்கினாலும் பெரும்பாலும் பரவாயில்லை என்றுதான் சொல்லும். ஏழு முடிச்சு அதன் கண்ணில் படாது. நாம் ஆறுகளை நாற்றத்தால் தரம் பிரிக்கப் பழகிவிட்டோம். நீர் தெளிந்திருக்க, அதைச் சுமக்கிற உடம்பு உருக்குலைந்து போகலாம். நெய்யாற்றுக்கு நேர்ந்தது அதுதான்.

நெய்யாறு சின்ன ஆறு. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியமலையில் பிறந்து, 56 கிலோமீட்டர் ஓடி, பூவாரில் கடல் சேர்கிறது. 497 சதுர கிலோமீட்டரில் பெய்கிற மழைதான் அதன் மொத்தச் சொத்து. கேரளத்தின் தென்கோடி ஆறு. ஓர் ஊருக்கே அதன் கரை என்று பெயர். அதன்மேல் 1958இல் அணை எழுந்தது. அணை நீரைத் தேக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். மணலையும் தேக்கும் என்பது நம் பேச்சில் வருவதில்லை. மலை உடைந்து பாறையாகி, பாறை உருண்டு மணலாகி இறங்கி வருவது ஆற்றுக்கு ஆண்டு வருமானம். அது அணைக்குப் பின்னால் தங்கிவிடுகிறது. மதகு வழியே வருவது மணலில்லாத வெறும் நீர். கலிபோர்னியாவைச் சேர்ந்த மத்தியாஸ் கொண்டால்ஃப் என்ற ஆய்வாளர் 1997இல் அதைப் பசித்த நீர் என்று அழைத்தார். சுமக்கப் பாரமில்லாத நீர், போகிற வழியில் தன் கரையையும் அடியையும் தானே அரித்துத் தின்னும்.

வருமானம் நின்ற வீட்டில் சேமிப்பையும் கொள்ளை கொடுத்தால் என்ன ஆகும்? அதுவும் நடந்தது. வளைகுடாப் பணம் வந்து, ஓட்டு வீடுகள் காங்கிரீட் வீடுகளாக மாறிய காலம். வள்ளத்தில் போய்க் கழி ஊன்றி, மூச்சடக்கி முங்கி, வாளி வாளியாக ஆற்றின் அடியை மேலே கொண்டுவந்தார்கள். முங்கினவர்கள் ஏழைகள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நாம் எல்லோரும் குடியிருக்கிற வீடுகள் அந்த மணலால் ஆனவை. 2001இல் ஆற்றங்கரைப் பாதுகாப்பு, மணல் எடுப்பு ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. சட்டம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்கையில் லாரிகள் கரையேறின. கரையோரத் தோட்டங்களை விலை பேசி, தென்னையைச் சாய்த்துவிட்டு, கீழே இருந்த பழைய ஆற்றுமணலைத் தோண்டினார்கள். இன்றும் கரையோரமாக நடந்தால் அந்தக் குழிகளைப் பார்க்கலாம். குளம்போல நீர் நிற்கும். குழிக்கும் ஆற்றுக்கும் நடுவில் வயல்வரப்பு போல ஒரு மண் திட்டு மட்டும் இருக்கும். அது ஒரு பெருமழையில் உடைந்தால் ஆறு தன் பாதையை விட்டு அதற்குள் பாயும். பிள்ளைகளே, அந்தக் குழிகளின் ஓரத்துக்கு யாரும் போகக்கூடாது. மேலே பார்க்கிற கரை அடியில் குடைந்து போயிருக்கும்.

இப்போது கயிற்றுக்கு வருகிறேன். ஒரு கனமீட்டர் ஆற்றுமணலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இடைவெளிதான். மழைக்காலத்தில் அந்த இடைவெளியெல்லாம் நீரால் நிறையும். வேனலில் அதை மெல்ல மெல்லக் கிணறுகளுக்கு விடும். மணல் போனால் அந்தத் தொட்டி போயிற்று. அதோடு ஆற்றின் தரையும் தாழ்கிறது. ஆற்றில் நீர்மட்டம் ஓர் ஆள் உயரம் தாழ்ந்தால், கரைக் கிணறுகளின் நீர் சரிந்து ஆற்றுக்குள் வடியும். கிணறு வற்றக் குழல்கிணறும் ஒரு காரணம், நெல் விளைந்த ஏலாக்களை மண்போட்டு மேடாக்கி வாழையும் ரப்பரும் மரச்சீனியும் வைத்தது இன்னொரு காரணம். ஏழு முடிச்சையும் மணலின் தலையில் கட்ட மாட்டேன். ஆனால் ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்துக் கிணறு ஆற்றைப் பின்பற்றித்தான் இறங்கும்.

அருவிப்புறத்துக்குப் போயிருப்பீர்கள். 1888இல் நாராயண குரு சங்கரன்குழியில் மூழ்கி ஒரு கல்லை எடுத்து வந்து சிவனாக நிறுவிய இடம். அந்தக் கரையில் நின்று பார்த்தால் ஆற்றின் குறுக்கே பாறைகள் கிடக்கும். பாறை இருக்கிற இடத்தில் ஆறு தாழ முடியாது. கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தோண்டலின் காயம் பாறையைத் தாண்டி மேலே ஏறாது. பாறை முடிந்து மண்ணும் மணலுமாக நிலம் தொடங்குகிற இடத்திலிருந்து கீழே கடவுகளைப் பாருங்கள். படி கட்டினவர்கள் வேனலிலும் நீர் தொடும் இடம்வரை கட்டினார்கள். இன்றைக்குக் கடைசிப் படி அந்தரத்தில் நிற்கும் கடவுகளைப் பார்த்திருக்கிறேன். அதற்குக் கீழே செம்மண்ணில் காலால் வெட்டிய தடம். துணி துவைக்கப் போகிற பெண்கள் அதில் பக்கவாட்டாகக் கால்வைத்து இறங்குகிறார்கள்.

இன்னும் கீழே போனால் பூவார்ப் பொழி, ஆறு கடலில் சேரும் வாய். ஆறு மணல் கொண்டுவந்து கொட்டினால்தான் கடற்கரை கரையாக நிற்கும். பொழியூரிலும் நீரோடியிலும் கடல் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தூண்டில் வளைவால் இந்தப் பக்கம் அரிக்கிறது என்று இங்கே ஒரு சண்டை. தூண்டில் வளைவை நாம் புலிமுட்டு என்கிறோம். கற்குவியல் கடலுக்குள் மணலின் போக்கைத் திருப்பும், அது உண்மை. அதே நேரத்தில் மணலே குறைவாக வருகிற கரைக்கு எந்தப் பக்கத்தில் கல் போட்டாலும் போதாது. பூவார் மீனவர் பேச வேண்டியது அணைக்கட்டைப் பற்றியும்தான்.

2019இல் உலக ஆறுகளைக் கணக்கெடுத்த ஆய்வு ஒன்று நேச்சர் இதழில் வந்தது. 1,000 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள ஆறுகளில் முழு நீளத்துக்கும் தடையின்றி ஓடுபவை 37 விழுக்காடுதான் என்று கண்டார்கள். அந்த எண்ணைவிட அவர்கள் பார்த்த விதம் எனக்குப் பெரிது. ஆறு மேலிருந்து கீழாக மட்டும் ஓடவில்லை. பக்கவாட்டில் வயலோடு பேசுகிறது, அடியில் நிலத்தடி நீரோடு பேசுகிறது, பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்குகிறது. இந்த நாலு வழியும் திறந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். ஆற்றின் உடம்பை அளப்பது இப்படித்தான்.

சரி, உடம்பை அளந்துவிட்டோம். மிக மோசமானதை முதலில் எடுப்பதா? மனசு அப்படித்தான் சொல்லும். சாகக்கிடக்கிறவனை முதலில் தூக்கு என்று. ஆஸ்திரேலியாவில் கேரி பிரையர்லி, கிர்ஸ்டி ஃப்ரையர்ஸ் என்ற இருவர் பேகா என்ற ஆற்றுப்படுகையில் ஆண்டுக்கணக்கில் நடந்து பார்த்து வேறு ஒரு வரிசை சொன்னார்கள். இன்னும் கெடாமல் இருப்பதை முதலில் காப்பாற்று. அடுத்து, தான் கெட்டால் மற்றதையும் கெடுக்கக்கூடிய முக்கியமான இடங்களைப் பிடி. அதன்பின், கொஞ்சம் கைகொடுத்தால் தானே எழுந்து நிற்கக்கூடிய பகுதிகளுக்குப் போ. முழுக்க உருக்குலைந்தது கடைசி. கேட்கக் கொடுமையாக இருக்கிறது. எனக்கும் முதலில் மனம் ஒப்பவில்லை. ஆனால் மேலே காயம் திறந்து கிடக்கையில் கீழே போட்ட மருந்தை அடுத்த வெள்ளம் கொண்டுபோகும் என்பதை நாம் எத்தனை தடுப்புச்சுவரில் பார்த்துவிட்டோம்.

அப்படியென்றால் கரமனையை விட்டுவிடலாமா? கூடாது. கரமனையின் கரையில் குடியிருக்கிற ஏழை மக்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாழ வேண்டிய நியாயம் எதுவும் இல்லை. சாக்கடையை ஆற்றில் விடாதே என்பது சட்டம். சட்டத்தை நடத்துவதற்கு வரிசை எதற்கு? 44 ஆற்றிலும் அது இன்றே நடக்க வேண்டிய காரியம். கழிவை நிறுத்துவதையும் ஆற்றின் உடம்பைத் திருத்துவதையும் ஒரே நிதியில், ஒரே பட்டியலில் போட்டுக் குழப்பியதால்தான் நெய்யாறு போன்றவை எங்கேயும் வராமல் போகின்றன. இரண்டு கணக்கு வேண்டும், இரண்டு நோட்டு வேண்டும்.

அமெரிக்காவின் புளோரிடாவில் கிசிம்மி என்று ஓர் ஆறு. 166 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஓடியதை, வெள்ளம் தடுக்கிறோம் என்று 1962 முதல் 1971 வரை வெட்டி, 90 கிலோமீட்டர் நேர்வாய்க்காலாக்கினார்கள். பறவைகள் போயின, சதுப்பு நிலம் காய்ந்தது. பிறகு தாங்கள் வெட்டியதைத் தாங்களே மண்போட்டு மூடி, 2021 வரை வேலை செய்து, 70 கிலோமீட்டர் அளவுக்குப் பழைய ஆற்றை மீட்டார்கள். நான் கவனிக்கச் சொல்வது ஒன்றுதான். முழு ஆற்றையும் அவர்கள் எடுக்கவில்லை. மேலும் கீழும் மக்கள் குடியேறிவிட்ட பகுதிகளை விட்டுவிட்டு நடுப்பகுதியை எடுத்தார்கள். அங்கே ஆறு தன் பழைய வளைவை இன்னும் நினைவில் வைத்திருந்தது.

நெய்யாற்றை இந்தக் கண்ணால் பாருங்கள். தலை உயிரோடு இருக்கிறது. அகத்தியமலையின் காடு 1958 முதல் சரணாலயம். முல்லையாறும் கல்லாறும் இன்னும் காட்டிலிருந்துதான் இறங்குகின்றன. கால் உயிரோடு இருக்கிறது, பூவாரில் பொழியும் கண்டல் மரங்களும் மிச்சம் உண்டு. இடுப்பு ஒடிந்திருக்கிறது. அருவிப்புறத்துப் பாறைக்குக் கீழிருந்து பூவார் வரை. பிழைக்கக்கூடிய உடம்பு இது. எத்தனையோ பேர் அதை நம்பிக் குடிக்கிறார்கள். 2017 வறட்சியில் திருவனந்தபுரம் நகரத்துக்கே இந்த அணையிலிருந்துதான் நீரை இறைத்து அருவிக்கரை நீர்த்தேக்கத்துக்கு அனுப்பினார்கள். தென்கேரளத்தில் முதலில் எந்த ஆறு என்று என்னைக் கேட்டால், நெய்யாறு என்பேன். என் ஊர் ஆறு என்பதற்காக இல்லை.

இங்கே ஒரு கேள்வி எழும், எழ வேண்டும். களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்கிற விவசாயிகள் பின்வரிசையில் இருக்கிறீர்கள். நெய்யாற்றுத் திட்டம் போட்ட காலத்தில் நடுவில் எல்லையே கிடையாது. எல்லாம் திருவிதாங்கூர்-கொச்சி. 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு அந்தப் பக்கம் போயிற்று. இடதுகரை சானல் மட்டும் எல்லையைத் தாண்டி ஓடி, விளவங்கோட்டில் 9,200 ஏக்கருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தது. 2004இல் அது நின்றது. 2012இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. இது எங்கள் மாநிலத்துக்குள்ளேயே ஓடுகிற ஆறு என்பது கேரளத்தின் வாதம். உங்கள் சானலுக்குள் இப்போது செடி முளைத்து மரமாகி நிற்கிறது. ஆற்றுக்கு நீர் விடு என்று நான் கேட்டால் சானலுக்கு விடாதே என்று பொருளாகுமோ என்று உங்களுக்குச் சந்தேகம் வரும்.

நான் வெளிப்படையாகச் சொல்கிறேன். சானலும் இந்த ஆற்றின் ஓர் உறுப்பாகிவிட்டது. நீர் போன வழியெல்லாம் கிணறு ஊறியது, குளம் நிறைந்தது, அதை நம்பி மக்கள் வாழ்வை அமைத்தார்கள். அந்த நம்பிக்கையை முறித்ததை நான் சரியென்று சொல்ல மாட்டேன். அதே சமயம், பங்கு பிரிக்க உட்காரும்போது இரண்டு மாநிலமும் ஒரு பங்காளியை மறந்துவிடுகின்றன. ஆற்றுக்கே ஒரு பங்கு வேண்டும். வேனலிலும் பொழிவரை போய்ச் சேருகிற ஒழுக்கு, மழைக்காலத்தில் மணலைப் புரட்டுகிற ஒரு பெருக்கு, இதை முதலில் எடுத்துவைத்துவிட்டு மிச்சத்தைப் பிரியுங்கள். ஆற்றின் பங்கைத் தின்றுவிட்டால் அடுத்த தலைமுறையில் பிரிக்க எதுவும் மிஞ்சாது.

பெரிய காரியங்களுக்கு நீதிமன்றமும் சர்க்காரும் வேண்டும். நம் கைக்கு எட்டுவது தோடுகள், ஆற்றில் சேரும் சிற்றோடைகள். ஆற்றின் தரை தாழ்ந்தால் அதில் சேருகிற தோட்டின் வாய் உயரத்தில் தொங்கும். ஆற்று நீர் ஏலாவுக்குள் ஏறாது, தோட்டு நீர் நில்லாமல் கொட்டிப் போகும். பத்தனம்திட்டைப் பக்கம் ஆதிபம்பை, வரட்டாறு என்ற கிளை இப்படித்தான் செத்தது. மணல் அள்ளியதால் பம்பையின் தரை இறங்கியது, கிளைக்குள் நீர் ஏறவில்லை. காய்ந்த இடத்தில் ஆக்கிரமிப்பு, குறுக்கே சப்பாத்துப் பாதைகள். 2017இல் ஊர் மக்கள் 'வரட்டே ஆறு', அதாவது ஆறு வரட்டும் என்று சொல்லி ஆற்றின் தடத்திலேயே நடந்தார்கள். எல்லை அளந்தார்கள், சப்பாத்தை உடைத்தார்கள், நீர் வந்தது. 2019 டிசம்பரில் ஹரிதகேரளம் இயக்கம் தோடுகளைத் துப்புரவு செய்ய ஒரு வேலையைத் தொடங்கி, 'இனி ஞான் ஒழுகட்டே' என்று பெயர் வைத்தது. ஒழுகுதல் என்றால் ஓடுதல். நம் தமிழில் ஒழுக்கம் என்ற சொல் பிறந்ததும் இந்த வேரிலிருந்துதான்.

துப்புரவு நல்லது. ஆனால் பொக்லைன் எந்திரத்தை இறக்கித் தோட்டின் அடியைச் சுரண்டிச் செம்மண் தெரிய வைத்துவிட்டு, அகலமாயிற்று என்று மகிழாதீர்கள். அடியில் கிடந்த மணலும் சரளையும் குப்பை இல்லை. கைதையையும் கரைச் செடியையும் பிடுங்கி எறியாதீர்கள். பிளாஸ்டிக்கை எடுங்கள், மண்ணை விடுங்கள்.

நம் ஆறு எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று நம்மில் யாரிடமும் எழுத்தில் இல்லை. அந்த அம்மை மட்டும் கயிற்றில் எழுதி வைத்திருந்தார். ஆகவே உங்களிடம் கேட்பது ஒன்று. மேடம் ஒன்றாம் தேதி, நம் சித்திரைப் பிறப்பன்று காலையில், எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அவரவர் வீட்டுக் கிணற்றில் கைப்பிடிச் சுவரின் மேல்விளிம்பிலிருந்து நீர்வரை எத்தனை அடி என்று அளந்து பாருங்கள். பிள்ளைகள் கடவுக்குப் போங்கள், ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு. கடைசிப் படியிலிருந்து நீர்வரை அளந்து வாருங்கள். நூலகத்தில் மேசைமேல் ஒரு கோடுபோட்ட நோட்டு இருக்கிறது. முதல் பக்கத்தில் இந்தக் கயிற்றின் நீளத்தை முடிச்சு முடிச்சாக இன்று மாலையே எழுதி வைத்துவிட்டேன். இரண்டாம் பக்கத்திலிருந்து நீங்கள் எழுதுங்கள்.